உன் அப்பாவின் சாவிக்கொத்து

ராஜா,

நீ கேட்ட இரண்டு நிமிஷ வீடியோவுக்கு முன்னால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும். தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு கையில் காபியை வைத்துக்கொண்டு அரை நிமிஷத்தில் மேய்ந்துவிடுவாய். தமிழ் என்றால் நீ ஒவ்வொரு சொல்லாகத்தான் போக வேண்டும். எனக்கு அந்த வேகம்தான் வேண்டும். உன் தங்கை டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, இந்த அஜ்மான் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் கண் களைத்துவிடுகிறது, எழுந்து கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். அவளும் படிப்பாள். படிக்கட்டும். அவளுக்கும் தெரியாத விஷயம்தான்.

உன் தேர்தல் அலுவலகத்துப் பெண் அனுப்பிய பேச்சை மூன்று தடவை படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருந்தது, சிவப்புப் பேனாவால் திருத்தினேன். இத்தனை வருஷம் டியூஷன் எடுத்த கை, சும்மா இருக்காது. மூன்றாவது பிழை பேனாவால் திருத்தக்கூடியது இல்லை. ‘என் கணவர் துபாய் வெயிலில் செங்கல் சுமந்தார். பன்னிரண்டு பேரோடு ஒரே அறையில் படுத்தார். அந்தத் தொழிலாளியின் மகன்தான் இன்று உங்கள் ஓட்டைக் கேட்டு வருகிறான்.’ இதை நான் கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய பருத்திச் சேலை கட்ட வேண்டும், காதில் கம்மல் கூடாது, பின்னால் வெறும் சுவர் தெரிய வேண்டும் என்று கீழே தனியாகக் குறிப்பு வேறு.

போன வாரம் உன் தங்கை லீவு நாளில் போனை அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்து என்னை எதிரே உட்கார வைத்தாள். முதல் தடவை ‘என் கணவர்’ என்றதும் நின்றுவிட்டேன். இரண்டாம் தடவை ‘வெயிலில்’ வரை போனேன். மூன்றாம் தடவை செங்கல் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

“யம்மா, நாலு வரிதானே. பில்டிங் பிள்ளைகளையெல்லாம் மேடையேத்தி மூணு பக்கம் மனப்பாடமா ஒப்பிக்க வச்ச ஆளு நீங்க.”

“அதுங்க சொன்னது உண்மையா இருந்துச்சு.”

“அண்ணன் ஜெயிக்கணும்ல?”

“ஜெயிக்கட்டும். அதுக்கு உங்கப்பா ஏன் செங்கல் சுமக்கணும்?”

அவள் போனை அணைத்துவிட்டாள். பாவம், அவளுக்கு அன்று ஒரு நாள்தான் லீவு. துவைக்க வேண்டிய துணி கிடந்தது. கம்மலை ஏன் கழற்றவில்லை என்று மட்டும் போகிற போக்கில் கேட்டாள். என் அம்மா தூத்துக்குடியில் வாங்கிப் போட்ட முத்து அது. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட நான் அதைக் கழற்றவில்லை, யார் யாரோ சொல்லியும். உன் அலுவலகத்துப் பெண்ணுக்காகக் கழற்றுவேனா?

கனடாவில் உன் தொகுதியை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் போவதில்லை. இந்த முழங்காலோடு விமானத்தில் பதினாலு மணி நேரம் உட்கார முடியாது. ஆனாலும் நீ அனுப்பிய வீடியோக்களில் இருந்து எனக்கு அந்த இடம் பழகிவிட்டது. ஒரு பாதி வயலும் மாட்டுப் பண்ணையும் கண்ணாடிக் கூரை போட்ட தோட்டங்களும். மறு பாதி ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாகப் புது வீடுகள். புது வீட்டுக்காரர்களில் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்கள் நிறையப் பேர், அவர்கள் உனக்குப் போடுவார்கள் என்கிறாய். வயல் பக்கத்துக்காரர்களுக்குத்தான் உன்னைத் தெரியாது. உன்னை எதிர்த்து நிற்கிற அம்மாள் அந்தப் பக்கத்துக்காரர், மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவர், பல வருஷமாக அந்தத் தொகுதிக்கு உறுப்பினர். அவருடைய விளம்பரப் பலகையில் ரப்பர் பூட்ஸோடு கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். உன் பலகையில் நீ கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். கையால் உழைத்த ஆள் வேண்டும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தவனிடம் அது இல்லை என்பதால் உன் அப்பாவிடம் போய்த் தேடியிருக்கிறீர்கள். அவரிடமும் இல்லாததால் நீங்களே செய்துகொண்டீர்கள்.

நான் போனில் கேட்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா?

“யம்மா, அப்பாவும் வேலை விசாவுலதானே வந்தாங்க? டெக்னிக்கலா பாத்தா அவங்களும் தொழிலாளிதான்.”

“டெக்னிக்கலா பாத்தா இங்க இருக்குற தூதர்கூட வேலைக்குத்தான் வந்திருக்கார்.”

நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்து முடித்துவிட்டதுதான் தப்பு. அன்றே சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

பிறகு நீ வீடு வீடாகக் கொடுக்கிற அந்தத் துண்டுப் பிரசுரத்தை அனுப்பினாய். நல்ல தாள், நல்ல அச்சு. உள்ளே திறந்ததும் அப்பாவின் படம். துபாய் அல் கூஸில் இருந்த அவருடைய தொழிலாளர் முகாமின் வாசலில், மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஏழு ஆட்களுக்கு நடுவில் நிற்கிறார். ‘என் தந்தையும் அவருடைய சக தொழிலாளர்களும்’ என்று கீழே எழுதியிருக்கிறது. படத்தை எல்லோருக்கும் இடுப்போடு வெட்டியிருக்கிறீர்கள். முழுப் படம் என் ஆல்பத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உன் அப்பாவின் பெல்ட்டில் ஒரு சாவிக்கொத்து தொங்குகிறது. மற்ற ஏழு பேரிடமும் ஒரு சாவி இல்லை. அவர்கள் காலில் சிமெண்ட் படிந்த பூட்ஸ், அப்பா காலில் நான் அன்று காலையில் பாலிஷ் போட்டுக் கொடுத்த கறுப்பு ஷூ.

அந்த ஹெல்மெட்டும் அவருடையது இல்லை. முகாமுக்குப் புது வாட்டர் கூலர் வந்த நாள் அது. படம் எடுக்க நின்றபோது பக்கத்தில் இருந்த ஆள் தன் ஹெல்மெட்டைக் கழற்றி, “சார், ஒரு நாளைக்காவது நீங்களும் எங்க ஆளா நில்லுங்க” என்று சொல்லி அப்பா தலையில் வைத்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அதனால்தான் அந்தப் படத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் நிற்பவர் மட்டும் வெறுந்தலையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் பெயர் முருகேசன். ராமநாதபுரம் பக்கம். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஒரு இடத்திலாவது சரியாக எழுதி இருக்கட்டும். ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பராக வந்தார், மூன்றாம் வருஷத்தில் கேம்ப் பாஸ் ஆனார். எண்பத்து மூன்று ஆட்கள் தங்கிய முகாமுக்குப் பொறுப்பு. யாருக்கு எந்த அறை, எந்த பஸ், யாருக்கு எப்போது லீவு, எல்லாம் அவர் கையில். ஆட்களின் பாஸ்போர்ட்டும் அவர் கையில். கம்பெனி அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று இங்கே சட்டம் உண்டு, ஆனால் அன்று அதைக் கேட்பார் இல்லை. எல்லாக் கம்பெனியும் செய்ததையே நம் கம்பெனியும் செய்தது. முகாமில் இருந்த அறை ஒழுகியதால் அந்தப் பாஸ்போர்ட்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து நம் படுக்கையறை ஸ்டீல் அலமாரியில் வைத்தார். கீழ்த்தட்டு. நீயும் தங்கையும் தொடக் கூடாது என்று நான் சொல்லிவைத்த தட்டு.

அப்பா அவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் குவித்து வைத்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டேன், அகர வரிசையில் அடுக்கினேன், ஒரு நீள நோட்டில் பெயர், ஊர், எப்போது காலாவதி என்று கோடு போட்டு எழுதினேன். கான்வென்ட்டில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த கையெழுத்து. மானேஜரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, ஆபீஸிலேயே இப்படி ஒழுங்கு கிடையாது என்றார். அந்த வாரம் முழுதும் நான் தரையில் நடக்கவில்லை. அந்த ஆட்கள் ஊருக்குத் திரும்பிப் போகிற வழியைத்தான் நான் அவ்வளவு அழகாக அடுக்கிப் பூட்டிவைத்திருந்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. உறையில் தூசி படியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நினைத்தேன்.

பாஸ்போர்ட் எடுக்க ஒரு முறை இருந்தது. ஆள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், மானேஜர் கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஸ்லிப்பைக் கொண்டுவந்தால் கொடுப்போம். ஒரு வெள்ளிக்கிழமை அப்பா மஸ்கட்டில், ரூவியில் இருந்த கிளை ஆபீஸில் இருந்தார். நீங்கள் இருவரும் ஞாயிறு வகுப்புக்குப் பதிலாக இங்கே வெள்ளிக்கிழமை நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தீர்கள். காலை பத்து மணி இருக்கும். மணி அடித்தது. கதவைச் சங்கிலி போட்டபடி திறந்தேன். முருகேசன் நின்றார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு டிராவல்ஸ் கவர்.

“சாரு இல்லீங்களா, அம்மா?”

“மஸ்கட் போயிருக்காக. நாளான்னைக்குத்தான் வருவாக. என்ன விஷயம்?”

“எங்க ஆத்தா காலையில தவறிப்போச்சுங்க. ரூம்காரவங்க சேந்து டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாங்க. சாயங்காலம் பிளைட்டு. பாஸ்போர்ட்டு மட்டுந்தான் இல்ல.”

“ஸ்லிப் இருக்கா?”

“ஆபீஸு இன்னைக்கு லீவுங்களே. மானேஜரு போனும் எடுக்கல.”

“ஸ்லிப் இல்லாம எப்படிக் குடுக்குறது? நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் வாங்கிட்டு வாங்க, உடனே எடுத்துத் தர்றேன்.”

“நாளைக்குன்னா எடுத்துருவாங்கம்மா. நான்தான் மூத்தவன்.”

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறந்துவிட்டதாகச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. “ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றேன். மேல் தட்டில் என் சேலைகளுக்கு நடுவே சாவி இருந்தது. பத்து அடி நடந்தால் போதும்.

அவர் கெஞ்சவில்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது, கெஞ்சியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. டிக்கெட் கவரை மடித்துக்கொண்டே, “அதுல கடைசிப் பக்கத்துல எங்க ஆத்தா பேரு போட்டிருக்காம்ல? எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஒருதடவ காட்டுறீங்களாம்மா, பாத்துட்டுப் போயிர்றேன்” என்றார்.

போய் எடுத்துவந்தேன். உறையைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து, கதவுச் சங்கிலிக்கு மேலே நீட்டிப் பிடித்தேன். நீட்டினேனே தவிர கையை விடவில்லை ராஜா. இரண்டு கையாலும் அந்தப் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் அம்மாவின் பெயரை வாசித்துக் காட்டினேன். அவர் விரலால் அந்த இடத்தைத் தொட்டார். “சரி அம்மா” என்றார். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனார். நான் மறுபடி உறை போட்டு, அகர வரிசையில் அதன் இடத்தில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன், ஒரு ஒழுங்கான காரியத்தைச் சொல்கிற தொனியில்தான். அவர் பிசைந்த கையை நிறுத்தினார்.

“நா இருந்தா குடுத்துருப்பேன்.”

“அப்ப ரூல் எதுக்கு?”

“ரூல் கம்பெனிக்கு. சாவி நம்மகிட்டதானே இருக்கு.”

திட்டவில்லை. மறுநாள் சாயங்காலம் பாஸ்போர்ட்டுகளை எல்லாம் இரண்டு பெட்டியில் போட்டு முகாமுக்கு எடுத்துப்போய்விட்டார். நோட்டை மட்டும் விட்டுப்போனார். முருகேசன் சனிக்கிழமை வழக்கம்போல டூட்டிக்கு வந்தாராம், சில மாசம் கழித்துத் தன் முறை வந்தபோது லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. விசாரிக்கச் சொல்லி நான் ஒரு தடவையும் உன் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

போன மாதம் நீ ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியதைச் சொன்னாய். “பேரைக்கூடச் சொல்லி முடிக்கலம்மா, சாத்திட்டான். பனி கொட்டுது, நான் அப்படியே நிக்கேன்” என்றாய். உன் குரல் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் ஆறுதலாக என்னவோ சொன்னேன். ஆனால் மனசில் அந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது. நீ தட்டுகிற பக்கம் நிற்கிறாய். எனக்குக் கதவின் இந்தப் பக்கம்தான் பழக்கம், சங்கிலியின் இந்தப் பக்கம். இங்கே நிற்கிறவர்களுக்குத் தாங்கள் தப்புச் செய்கிற மாதிரியே தெரியாது. ஒழுங்காக இருக்கிற மாதிரிதான் தெரியும். அந்தப் பண்ணைக்காரர் மேல் உனக்குக் கோபம் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு இருக்கிற தகுதி இது ஒன்றுதான்.

இப்போது உன் பிரசுரத்துக்கு வருகிறேன். அந்த வெட்டிய படத்தில் முருகேசன் இருக்கிறார். அவர் முகம் கனடாவில் வீடு வீடாகப் போகிறது. ஒரு நாள் தன் ஊருக்குப் போக நான் விடாத மனிதர், உனக்கு ஓட்டு வாங்கித் தர, விசாவே இல்லாமல் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அவருக்கு அது தெரியாது. அவருடைய ஹெல்மெட்டை உன் அப்பாவுடையது என்கிறாய், அவருடைய வெயிலை, அவருடைய அறையை உன் அப்பாவுடையது என்கிறாய். நான் அவருக்கு அவர் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. நீ அவருடைய வாழ்க்கையையே எடுத்துக்கொண்டாய். நம் குடும்பம் அந்த மனிதரிடம் எவ்வளவுதான் எடுப்பது?

உன் அப்பாவுக்கும் இதில் நியாயம் செய்யவில்லை நீ. அவர் நல்லவர். மானேஜருக்குத் தெரியாமல் எத்தனை பேருக்கு அந்த அலமாரியைத் திறந்து கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும், நோட்டில் கணக்கு உதைக்கும்போதெல்லாம் நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அதே சமயம், திறக்காமல் விட்ட நாட்களும் உண்டு. பகலில் படுத்துக்கிடந்த ஆளை உடம்பு சரியில்லை என்று நம்பாமல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதை அவரே என்னிடம் சொல்லி, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். சாவி வைத்திருந்த மனிதர் அவர். சாவி இல்லாத மனிதர் என்று நீ சொன்னால், அவர் திறந்து கொடுத்த கதவுகளும் இல்லாமல் போய்விடுகின்றன.

எனக்கு எழுபது வயதாகிறது, வாழ்நாளில் ஒரு தேர்தலிலும் நான் ஓட்டுப் போட்டதில்லை என்றால் உன் தொகுதியில் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை போனேன். பட்டியலில் என் வயதில் ஏழு வருஷம் கூட்டிப் போட்டிருந்தார்கள், அந்த வயதோடு ஓட்டுப் போட மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டேன். அடுத்த தேர்தலுக்கு முன் உன் அப்பாவோடு இங்கே வந்துவிட்டேன். இங்கே நமக்குத் தேர்தல் கிடையாது. ஊரில் நடந்தபோதெல்லாம் நான் இங்கே இருந்தேன். நாற்பத்துச் சொச்சம் வருஷமாக ஒரு இடத்தில் இருந்தும், இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை உன் தங்கை பெயரில் விசா போட்டு என்னைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், இன்னொரு வருஷம் இருந்துகொள் என்கிறார்கள். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆகவே தேர்தல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, எட்டாம் வகுப்பில் கிளாஸ் லீடருக்கு நான் நின்றது.

எங்கள் வகுப்பு சிஸ்டர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நிற்கிறவள் வகுப்பின் முன்னால் வந்து தன் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் ஓட்டுக் கேட்கலாம். நான் நிமிர்ந்து நின்று, “எனக்கு அசுத்தம் கண்டால் பொறுக்காது, சிஸ்டர்” என்றேன். சிஸ்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “அது குறை இல்லையம்மா, விளம்பரம். போய் உட்கார்” என்றார். எனக்குப் பின்னால் வந்தவள் ஒரு மீன்காரரின் மகள். “மத்தவங்க டிபனைத் திறந்து தின்னிருக்கேன், சிஸ்டர். போன வாரம்கூட” என்றாள். வகுப்பே சிரித்தது, அவளுக்கே போட்டது. வருஷம் முழுதும் அவள் ஒரு டிபனையும் தொடவில்லை, நாற்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோமே. அன்று நான் வீட்டுக்கு வந்து, அசிங்கத்தைச் சொல்லி ஜெயித்துவிட்டாள் என்று அழுதேன். எனக்கு அறுபது வருஷமாகிறது அவள் ஏன் ஜெயித்தாள் என்று புரிய. அதுவும் உன் பிரசுரத்தைப் பார்த்த பிறகுதான்.

நீ எதற்காக நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக் கூரைத் தோட்டங்களில் வேலை செய்ய எங்கெங்கோ இருந்து வருகிற ஆட்கள், ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிற அனுமதியில் வருகிறார்கள், முதலாளியை விட்டால் நாட்டை விட வேண்டும், அதை மாற்ற வேண்டும் என்கிறாய். நல்ல காரியம். நீ அதைப் பற்றிப் பேசுகிற வீடியோவை நான் மூன்று தடவை பார்த்தேன், உன் ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அதில் ‘என் தந்தையும் இப்படித்தான் கட்டுண்டு கிடந்தார்’ என்று முடிக்கிறாய். சனிக்கிழமை மதியம் அந்த ஊர் விவசாயிகள் மண்டபத்தில் நீயும் அந்த அம்மாளும் நேருக்கு நேர் பேசப்போகிறீர்கள் அல்லவா, அங்கேயும் அதைத்தான் சொல்லப்போகிறாய். எதிரே உட்காரப்போகிறவர்கள் யார்? அந்த ஆட்களின் தாள்களைத் தங்கள் வீட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிற முதலாளிகள், அவர்கள் மனைவிகள். அவர்களிடம் போய், நான் பூட்டப்பட்டவனின் மகன் என்று சொன்னால் உனக்குப் பரிதாபப்படுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். பூட்டியவர்களின் மகன் என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நீ தோற்கலாம். தோற்பாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் உனக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கிற தாய் இல்லை, அது உனக்குப் பழகியிருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்பதில் தேர்ந்தவளும் இல்லை. முருகேசனிடம் கேட்க வேண்டியது, அவர் இருக்கிற இடம் தெரியாது, இருக்கிறாரா என்றும் தெரியாது. உன்னிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இதையெல்லாம் உனக்கு நீ வளர்கிறபோதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. வீட்டில் ஒரு தட்டைத் தொடாதே என்று மட்டும் சொல்லி வளர்த்தேன், அதில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. இல்லாத ஒன்றை நீ அதில் வைத்துப் பார்த்துக்கொண்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நேற்று சாயங்காலம் உன் தங்கை டூட்டி முடிந்து, துபாய் ரோட்டு நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இந்தக் கடிதத்தின் முதல் பக்கங்களைக் கொடுத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தாள். போனை எடுத்து அரிசி டிரம்மின் மேல் வைத்தாள்.

“கம்மல் இருக்கட்டும், யம்மா. சேலை மட்டும் அந்த நீலத்தைக் கட்டிக்கோங்க, அதுதான் உங்களுக்கு நல்லா இருக்கு.”

ஒரே தடவையில் வந்துவிட்டது. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கையில் முழுப் படத்தை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன், சாவிக்கொத்தை விரலால் காட்டியிருக்கிறேன். முருகேசன் வந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லியிருக்கிறேன். அந்த அலமாரி என்னிடம் இருந்தது, என் மகன் என்னைப் போல இருக்க மாட்டான் என்று நம்புகிறேன், என்று முடித்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே உன் தங்கை அதை உனக்கு மட்டும் அனுப்புவாள். வேறு யாருக்கும் அது போகாது. போடுவதும் போடாததும் உன் கையில். இப்போது சாவி உன்னிடம் இருக்கிறது. நீ அதைப் போடாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், வருத்தப்படுவேன், அதை உனக்குச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தச் செங்கல் கதைக்கு என் முகமும் என் குரலும் கிடைக்காது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், இது தேர்தலுக்காக இல்லை. பிரசுரம் மறுபடி அச்சுக்குப் போனால் படத்தை வெட்டாமல் போடச் சொல். கீழே ‘சக தொழிலாளர்கள்’ என்பதை எடுத்துவிடு. மற்ற ஆறு பேரின் பெயரும் அந்த நீள நோட்டில் இருக்கிறது, தேடி எழுதி அனுப்புகிறேன். அப்பாவுக்கு இடப்பக்கம், வெறுந்தலையோடு நிற்பவருக்கு நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. முருகேசன், காளியம்மாளின் மூத்த மகன்.

அம்மா